கிடா விழ எந்தக் குண்டு, எந்த மருந்து?

கேள்வி இது: "அமெரிக்காவில் ஹை-பவர் சிலுவெட் சுடுகிறேன். 6.5 கிரீட்மூர் ரைஃபிள். 120 கிரெயின் குண்டு, வினாடிக்கு 2900 அடி வேகம். கோழி, பன்றி, வான்கோழி மூன்றும் விழுகின்றன. 500 மீட்டர் கிடா மட்டும் பட்டும் விழாமல் டங்கென்று சத்தம் போட்டுவிட்டு நிற்கிறது. மருந்தைக் கூட்டி வேகத்தை ஏற்றட்டுமா, குண்டை மாற்றட்டுமா? மாற்றினால் எந்த மருந்து?"

குண்டை மாற்றுங்கள். வேகத்தை ஏற்றாதீர்கள், உண்மையில் கொஞ்சம் இறக்குங்கள். 140 கிரெயின் (ஏறக்குறைய 9 கிராம்) எடையில், போட்டிக்கென்று செய்த நீளமான மேட்ச் குண்டு, வினாடிக்கு 2700 அடி, எச்4350 என்ற வெடிமருந்து. சுருக்கமான பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று தெரியாமல் மாற்றினால் அடுத்த மாதம் வேறொரு கேள்வி வரும். அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு நான்கு வரி. சிலுவெட் மெக்சிகோவில் பிறந்த போட்டி. 1948-ல் அங்கே இரும்புத் தகட்டு உருவங்களை வைத்துச் சுடத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1973-ல் தேசிய ரைஃபிள் சங்கமான என்ஆர்ஏ இதைத் தன் போட்டிகளில் சேர்த்துக்கொண்டது. 200 மீட்டரில் கோழி, 300-ல் பன்றி, 385-ல் வான்கோழி, 500-ல் செம்மறிக் கிடா. முட்டுக் கொடுக்காமல் நின்றபடி சுட வேண்டும். ஐந்து உருவங்களுக்கு இரண்டரை நிமிடம், இடமிருந்து வலமாக, ஒன்றுக்கு ஒரு தோட்டா. உருவம் மேடையிலிருந்து விழுந்தால்தான் புள்ளி. ஆடினாலும், திரும்பி நின்றாலும், ஓட்டையே விழுந்தாலும் புள்ளி கிடையாது. ஸ்டாண்டர்ட் ரைஃபிளின் எடை 10 பவுண்டு 2 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, அதாவது ஏறக்குறைய 4.6 கிலோ. இந்த இரண்டு விதிகள்தான், 'விழ வேண்டும்' என்பதும் 'நின்றபடி இலேசான துப்பாக்கியில் சுட வேண்டும்' என்பதும், குண்டையும் மருந்தையும் தீர்மானிக்கின்றன. முதல் விதி கனமான குண்டைக் கேட்கிறது. இரண்டாவது விதி உதை குறைவாக இருக்கட்டும் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதே நம் கேள்வி.

கிடா ஏறக்குறைய 50 பவுண்டு எடையுள்ள எஃகுத் தகடு. அதைச் சாய்ப்பது உந்தம், அதாவது எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண். தோட்டாப் பெட்டியில் பெரிதாக அச்சிடும் ஆற்றல் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆற்றலில் வேகம் இருமுறை பெருக்கப்படுவதால் இலேசான, வேகமான குண்டு காகிதத்தில் பலசாலியாகத் தெரியும். எஃகில் மோதியதும் அந்த ஆற்றலில் பெரும்பகுதி குண்டைச் சிதறடிக்கவும் சூடாக்கவுமே போய்விடுகிறது. தகட்டைத் தள்ள மிஞ்சுவது உந்தம்தான். அதிலும் குழல் வாயில் இருக்கும் உந்தம் கணக்கில்லை. 500 மீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு போன பிறகு எவ்வளவு மிச்சம் என்பதே கணக்கு.

உங்கள் 120 கிரெயின் குண்டு 2900 அடியில் கிளம்பினால், 500 மீட்டரில் ஏறக்குறைய 1850 அடி வேகம் இருக்கும். உந்தம் 4.4 கிலோகிராம்-மீட்டர்/வினாடி. 4.6 கிலோ துப்பாக்கியில் உதை ஆற்றல் சுமார் 12.6 ஜூல். இப்போது மருந்தைக் கூட்டி 3000 அடிக்கு ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் எகிறுவதை விடுங்கள், 500 மீட்டரில் உந்தம் 4.6 ஆகும். கூடியது 4 சதவீதம். உதையோ 13.6 ஜூலாக, 8 சதவீதம் கூடிவிடும். அதே துப்பாக்கியில் 140 கிரெயின் குண்டை 2700 அடியில் அனுப்பினால், அது 500 மீட்டரில் 1900 அடி வேகத்தோடு போய்ச் சேரும். மெதுவாகக் கிளம்பியது வேகமாகப் போய்ச் சேர்கிறது, ஏனென்றால் நீளமான குண்டைக் காற்று குறைவாகவே பிடித்திழுக்கிறது. உந்தம் 5.2. முன்பைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம். உதை 14 ஜூல், 11 சதவீதம் அதிகம். கொடுக்கிற விலைக்கு எதில் சரக்கு அதிகம் என்பது கண்கூடு.

(இவை கணக்குப் போட்டு வந்த எண்கள். குழல் நீளம், உயரம், வெப்பநிலையைப் பொறுத்துச் சற்று மாறும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.)

மற்ற காலிபர்களையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். .243 வின்செஸ்டரில் 105 கிரெயின் குண்டை 2950 அடியில் சுட்டால் உதை 10 ஜூலுக்குச் சற்று மேல், சுடுவதற்குச் சொர்க்கம். ஆனால் கிடாவிடம் உந்தம் 4.2 மட்டுமே. மேல்பாதியில் பட்டால் விழும், காலருகே பட்டால் நிற்கும். .308 வின்செஸ்டரில் சியராவின் 168 கிரெயின் மேட்ச்கிங் குண்டு, 2600 அடி: உந்தம் 5.4, உதை 17 ஜூலுக்கு மேல். 6.5-ஐவிடக் கால் பங்கு அதிகம் உதை வாங்கிக் கொடுப்பது இம்மியளவு உந்தம்தான். 7 மிமீ-08-ல் 162 கிரெயின் நீளக் குண்டு, 2600 அடி: உந்தம் 6, உதை 16 ஜூலை ஒட்டி. கிடாவுக்கென்றே செய்தாற்போல் இருக்கும். .308 தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கி 7 மிமீ ஆக்கிச் சுட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலுவெட் ஆட்களுக்கு முக்கிய இடமுண்டு. அதைத்தான் ரெமிங்டன் 1980-ல் 7 மிமீ-08 என்று பெயரிட்டுக் கடைக்குக் கொண்டுவந்தது. தோள் தாங்குமென்றால் இன்றும் அது அருமையான தேர்வு. ஒரு நாளில் 80 முதல் 120 தோட்டா வரை, நின்றபடி, மெல்லிய சட்டையோடு சுடும்போது தாங்குமா என்பதுதான் கேள்வி. கடைசி இருபதில் கண் சிமிட்டத் தொடங்கினால் உந்தம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. குறி தப்பிய குண்டின் உந்தம் மண்மேட்டுக்குத்தான்.

குண்டை மாற்றுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள்: கிடாவில் எங்கே படுகிறது? தகடு சாய்வது கதவு திறப்பது போல. கீல் இருக்கும் இடம் காலின் பின்விளிம்பு. அதிலிருந்து எவ்வளவு உயரத்தில் தள்ளுகிறோமோ அவ்வளவு எளிது. தோள்பட்டையில் 45 சென்டிமீட்டர் உயரத்தில் படும் குண்டு, காலில் 20 சென்டிமீட்டர் உயரத்தில் படும் அதே குண்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் திருப்பு விசை தரும். கொம்பிலோ பின்தொடையிலோ ஓரமாகப் பட்டால் தகடு சாய்வதற்குப் பதில் சுழன்று திரும்பிக்கொள்ளும். 'பட்டும் விழவில்லை' என்ற புகார்களில் பாதி, ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியில் பார்த்தால் வயிற்றுக்குக் கீழே பட்டவை. அப்படியென்றால் மருந்தையோ குண்டையோ தொடுவதற்கு முன் 500 மீட்டர் குறியை இரண்டு கிளிக் மேலே ஏற்றுங்கள். கிடாவின் நடு உடலில் இல்லாமல் முதுகுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே குண்டு விழுகிற மாதிரி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. மேலே தப்புவதற்கான இடம் குறையும் என்பது அதன் விலை. தகட்டின் பாதம் வளைந்திருந்தாலும், மேடையில் ஈயச் சிதறலும் மண்ணும் ஏறியிருந்தாலும், எதிர்க்காற்று தள்ளிப் பிடித்தாலும் கிடா அடம்பிடிக்கும். அதற்கு உங்கள் தோட்டா பொறுப்பில்லை.

சரி, எந்த 140? ஹார்னடி 140 இஎல்டி மேட்ச், சியரா 142 மேட்ச்கிங், லாபுவா 139 சீனார், பெர்கர் 140 ஹைப்ரிட், நான்கில் எது உங்கள் குழலுக்குப் பிடிக்கிறதோ அது. இவற்றுக்குள் நுணுகி நுணுகி வேறுபாடு தேடுவது இந்த விளையாட்டில் வீண். காற்றைக் கிழித்துப் போகும் திறனைச் சொல்லும் எண்ணான பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் ஜி1 அளவில் 0.6-ஐ ஒட்டி இருந்தால் போதும். ஹார்னடி தன் 140-க்கு 0.646 என்று அச்சிடுகிறது. இந்த எண் பெரிதாவதன் முழுப் பயன் காற்றில்தான் தெரியும். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று அடித்தால், 500 மீட்டரில் இந்த வகைக் குண்டு அரை மீட்டர் விலகும். .308-ன் 168 மேட்ச்கிங் 70 சென்டிமீட்டர் விலகும். கிடாவின் மொத்த நீளமே ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். காற்றைப் பாதி தப்பாகக் கணித்தாலும் முதல் குண்டு உடலில் எங்காவது படும், இரண்டாவது கொம்பையோ வாலையோ தேடும்.

வேட்டைக் குண்டுகள், அதாவது உள்ளே ஒட்டவைத்தவை, தடித்த செப்பு உறை கொண்டவை, இங்கே தேவையில்லை. உடலில் ஊடுருவுவதற்குச் செய்த குண்டுக்கு எஃகில் கூடுதல் மதிப்பெண் கிடையாது. மெல்லிய உறை மேட்ச் குண்டு மோதியதும் பொடிந்து பக்கவாட்டில் தெறிக்கும். முன்னோக்கி வந்த உந்தம் அதற்குள் தகட்டுக்குப் போய்விட்டிருக்கும். எஃகு நடுவம் உள்ள ராணுவ உபரித் தோட்டாக்களையும் செப்பு முலாம் பூசிய எஃகு உறைக் குண்டுகளையும் கொண்டுபோகாதீர்கள். அவை தகட்டைக் குழிபறிக்கும், பல களங்களில் காந்தம் வைத்துச் சோதித்துத் திருப்பி அனுப்புவார்கள். கோழித் தகட்டில் 200 மீட்டரில் மிக வேகமான இலேசுக் குண்டும் குழி விழச் செய்யும். குழியில் பட்ட அடுத்த குண்டின் சிதறல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

நீளக் குண்டு வாங்குமுன், குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலுக்குள் வெட்டியிருக்கும் புரியின் முறுக்கைப் பாருங்கள். 6.5 மிமீ 140-க்கு எட்டு அங்குலத்தில் ஒரு சுற்று வேண்டும். கிரீட்மூர் குழல்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன, உங்களுக்குக் கவலையில்லை. .260 ரெமிங்டன் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டும். 1997-ல் ரெமிங்டன் அதைக் கொண்டுவந்தபோது ஒன்பது அங்குல முறுக்கில் கொடுத்தது, மிக நீளமான குண்டுகளுக்கு அது விளிம்பில் நிற்கும். பழைய .243 இன்னும் மோசம். பத்து அங்குல முறுக்கில் 105 கிரெயின் நீளக் குண்டு நிலையாகச் சுழலாது. காகிதத்தில் வட்டத்துக்குப் பதில் சாவித்துளை போன்ற நீள ஓட்டை தெரிந்தால் காரணம் இதுதான், வேறு எதையும் தேட வேண்டாம். மேகசின் நீளமும் ஒரு தடை. குட்டை ஆக்‌ஷன் மேகசின்கள் பலவற்றில் 71–72 மிமீ தோட்டாதான் நுழையும். கிரீட்மூரின் கூட்டை .260-ஐவிடக் குட்டையாக வடிவமைத்ததே, நீளக் குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்தின் இடத்தைப் பிடிக்காமல் மேகசினுக்குள் அடங்கட்டும் என்றுதான்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. கிடாவுக்கு 140 போட்டால் கோழிக்கும் அதையே போட வேண்டுமா? வேண்டியதில்லை. கோழியும் பன்றியும் உரசினாலே விழும், வான்கோழி கிடாவைவிட வெகு இலேசு. 120–123 கிரெயின் குண்டை 2650 அடியில் வைத்தால் உதை 10.5 ஜூல்தான், .243-ன் உதை. நாளின் முக்கால்வாசித் தோட்டாக்களை இப்படி மெத்தென்று சுட்டுவிட்டு, 14 ஜூலைக் கிடாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இங்கே உங்கள் பழைய 120 கிரெயின் குண்டு வீணாகாது, மெதுவாக மட்டும் அனுப்புங்கள். இதற்கு மிக விலை உயர்ந்த குண்டும் தேவையில்லை.

இரண்டு வகைத் தோட்டா வைத்திருப்பவர் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான், கலந்துவிடுவது. 140-க்கான எண்ணை ஸ்கோப்பில் திருகிவிட்டு 120-ஐப் போட்டால் குண்டு எங்கே போயிற்று என்றே தெரியாது. இரண்டரை நிமிடத்தில் யோசிக்க நேரமும் இருக்காது. கிடாத் தோட்டாவின் குண்டு முனையில் நிரந்தர மையால் கறுப்புப் பூசுங்கள். தனிப் பெட்டி, தனி நிறம். ஒவ்வொரு தூரத்துக்கும் ஸ்கோப் எண்ணைத் தனித்தனியாகச் சுட்டுப் பார்த்துத் துப்பாக்கியிலேயே ஒட்டிவையுங்கள். 120-ல் கிடைத்த எண்ணிலிருந்து 140-க்குக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது. குண்டு மாறும்போது குழலின் அதிர்வும் மாறும், பக்கவாட்டிலும் சற்று நகரும். இந்தக் கவனம் நமக்கு வராது என்று தோன்றினால் எல்லாவற்றுக்கும் 140 ஒன்றையே வைத்துக்கொள்வது நல்லது. குழப்பத்தில் போகும் புள்ளி, உதையில் போகும் புள்ளியைவிட அதிகம்.

மருந்துக்கு வருவோம். இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஒரு வரி: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே சொல்வது அமெரிக்காவில் சட்டப்படி வீட்டில் தோட்டா நிரப்புபவர்களுக்கு.

எத்தனை கிரெயின் போடுவது என்று இங்கே எழுதப் போவதில்லை. கூட்டின் தயாரிப்பு, குண்டின் வடிவம், குழலில் புரி தொடங்கும் தொண்டை ஆகிய மூன்றும் அழுத்தத்தை மாற்றும். மருந்து நிறுவனமும் குண்டு நிறுவனமும் வெளியிடும் கையேடுகளில் உங்கள் குண்டுக்கான அளவு இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, தாழ்ந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். யாரோ எங்கோ எழுதிய எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த மருந்து என்பதைக் கூட்டின் கொள்ளளவும் குண்டின் எடையும் சேர்ந்து சொல்லும். கனமான குண்டு மெதுவாகக் கிளம்புவதால் மெதுவாக எரியும் மருந்து வேண்டும். வேகமாக எரிவதைப் போட்டால், குண்டு நகருமுன் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும், வேகமோ கிடைக்காது. கிரீட்மூரிலும் .260-லும் 140-க்கு எச்4350-ம் ரீலோடர் 16-ம் சரியான இடத்தில் இருக்கின்றன. 7 மிமீ-08-ல் 162-க்கு எச்4350 அல்லது அதைவிட வேகமாக எரியும் வார்கெட். .308-ல் 168-க்கு வார்கெட், ஐஎம்ஆர் 4064, ரீலோடர் 15. .243-ல் 105-க்கு எச்4350 அல்லது எச்4831எஸ்சி. இலக்கு வேகத்தைத் தரும்போது கூடு ஏறத்தாழ நிறைந்திருக்கும் மருந்தே நல்லது. பாதிக் கூடு காலியாக இருந்தால், குழலைக் கீழே சாய்த்துத் தூக்கும்போது மருந்து முன்னால் ஓடும், மேலே சாய்த்தால் பின்னால் வரும். பற்றும் விதம் மாறி வேகமும் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். நின்றபடி சுடுபவர் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை ஒரே மாதிரி தூக்குவதில்லை.

பெயர் விஷயத்தில் ஒரு கண் அல்ல, இரண்டு கண்ணும் வேண்டும். எச்4350, ஐஎம்ஆர் 4350, அக்யூரேட் 4350 மூன்றும் வெவ்வேறு மருந்துகள். எச்4895-ம் ஐஎம்ஆர் 4895-ம் அப்படியே. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடக் கூடாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். அளவைக் குடுவையில் மிஞ்சிய மருந்தை வேலை முடிந்ததும் அதே டப்பாவுக்குத் திருப்பிவிடுங்கள். அடுத்த வாரம் குடுவையில் இருப்பது என்ன என்று ஊகிக்க வேண்டிவந்தால் ஊகிக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

எச்4350-ஐயும் வார்கெட்டையும் பலர் தேடுவதற்குக் காரணம், வெயிலுக்கு அவை அதிகம் மசிவதில்லை. வெப்பத்துக்கு இளகும் மருந்தில் 20 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டுக்கு வேகம் வினாடிக்கு 40 அடி மாறலாம். அது கிடாவில் 7 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம். அதைவிட முக்கியம் அழுத்தம். குளிர்காலக் காலையில் உச்ச அளவில் பத்திரமாக இருந்த தோட்டா, அரிசோனாக் கோடை மதியத்தில், துப்பாக்கியின் பின்கதவான போல்ட்டைத் திறக்கவிடாமல் பிடிக்கும். தோட்டாப் பெட்டியை நிழலில் வையுங்கள், ஈரத்துணி போட்டு மூடினாலும் தகும். சூடேறிய குழலின் சேம்பரில், அதாவது தோட்டா அமரும் அறையில், தோட்டாவை வைத்துக்கொண்டு காற்று நிற்கட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருப்பதும் அந்தத் தோட்டாவைச் சூடாக்குவதுதான். காற்றைப் பார்த்த பிறகு போல்ட்டை மூடுங்கள்.

கோழித் தோட்டாவை 2650-க்கும் கீழே இறக்க ஆசை வரும். அங்கே மெது மருந்தைக் குறைக்காதீர்கள். எச்4831 போன்றவற்றைக் கையேட்டின் தொடக்க அளவுக்கும் கீழே இறக்கினால் சரியாகப் பற்றாமல் இழுக்கும், எதிர்பாராத அழுத்தமும் வரலாம். குறைந்த அளவுக்கென்றே பெயர் பெற்றது எச்4895. கையேட்டில் அந்தத் தோட்டாவுக்கும் குண்டுக்கும் எச்4895-ன் உச்ச அளவு கொடுத்திருந்தால், அதில் 60 சதவீதம் வரை இறங்கலாம் என்பது அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்லும் விதி. 60-ல்தான் நிற்க வேண்டும் என்றில்லை, 75–80-ல் கோழிக்கு ஏற்ற மெதுவான, சீரான தோட்டா அமையும். கைத்துப்பாக்கி மருந்தைச் சிட்டிகை போட்டுச் சுடும் வழியை மட்டும் மறந்துவிடுங்கள். 40 கிரெயின் மருந்தை இரண்டு முறை கொட்டினால் கூடு வழிந்து காட்டிக்கொடுக்கும். 10 கிரெயினை இரண்டு முறை கொட்டினால் எதுவும் தெரியாது.

அளவைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு ஒரு நாள் போதும். ஒரே தயாரிப்பில் வந்த பித்தளைக் கூடுகள், ஒரே லாட் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி). உச்ச அளவுக்கு 10 சதவீதம் கீழே தொடங்கி, அரை கிரெயின் படியாக, ஒவ்வொன்றிலும் ஐந்து. கடைசி மூன்று படிகள் 0.3 கிரெயின் வீதம். கீழிருந்து மேலாகச் சுட்டு, வேகமானியில் எண்ணையும் போல்ட்டின் இறுக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். போல்ட் தூக்கும்போது பிடித்தாலும், கூட்டின் அடியில், காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் பளபளத் தடம் தெரிந்தாலும், பிரைமரின் ஓரம் தட்டையாகிப் பள்ளத்தை நிரப்பினாலும் நிறுத்துங்கள். அதற்கு மேல் நிரப்பி வைத்ததைச் சுட வேண்டாம், குண்டைக் கழற்றிவிடுங்கள். அதைவிட முக்கியமான நிறுத்தம் ஒன்று உண்டு. 2700 அடி வந்துவிட்டால், அழுத்தத்தில் இன்னும் இடமிருந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். மிச்சம் இருக்கும் இடம் கோடை வெயிலுக்கு.

குச்சி வடிவ மருந்து அளவைக் குடுவையில் சில சமயம் குறுக்கே மாட்டிக்கொள்ளும், ஐஎம்ஆர் 4064 இதில் பேர்போனது. ஒரு கூட்டில் குறைந்து அடுத்ததில் கூடி விழும். நிரப்பிய கூடுகளைத் தட்டில் வரிசையாக வைத்து, விளக்கைப் பிடித்து மட்டம் பார்க்காமல் ஒரு குண்டையும் அழுத்தாதீர்கள்.

குண்டை எவ்வளவு வெளியே விடுவது? குழலின் புரியில் இடிக்கும் நீளத்தை அளந்து, அதிலிருந்து அரை மில்லிமீட்டர் பின்வாங்கித் தொடங்குங்கள். புரியில் இடித்து வைத்தால் குழு, அதாவது குண்டுகள் விழும் வட்டம், சுருங்குகிறது என்பவர்கள் உண்டு. மேசையில் சாய்ந்து சுடுவதற்கு அது சரியாக இருக்கலாம். சிலுவெட்டில் நேரம் முடிந்து நிறுத்தச் சொல்லும்போது சேம்பரில் தோட்டா இருந்தால் எடுத்தாக வேண்டும். இடித்து வைத்த குண்டு புரியிலேயே ஒட்டிக்கொள்ளும், கூடு மட்டும் கையோடு வரும், 40 கிரெயின் மருந்தும் ஆக்‌ஷனுக்குள் கொட்டும். அடுத்த வரிசைக்குள் அதைச் சுத்தம் செய்து, கம்பி விட்டுக் குண்டைத் தட்டியெடுக்க வேண்டும். அந்த அரை மில்லிமீட்டர் இதற்கான காப்பீடு.

இவ்வளவு செய்தும் குழு சின்னதாகவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்காக ஒரு கணக்கு. நின்று சுடும் நல்ல சுடுநரின் கை ஏறக்குறைய 4 நிமிடக் கோணம் (ஒரு நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அலையும் என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டரில் அது 58 சென்டிமீட்டர். தோட்டா 1 நிமிடக் கோணம் சிதறினால் மொத்தம் 4.12, அரை நிமிடத்துக்குக் குறைத்தால் 4.03. வேறுபாடு 2 சதவீதம். வேகச் சிதறலும் அப்படியே: தோட்டாக்களுக்குள் 30 அடி ஏற்றத்தாழ்வு இருந்தாலும் கிடாவில் 5 சென்டிமீட்டர்தான் மேலே கீழே போகும். ஆகவே 200 மீட்டரில் பத்துத் தோட்டா 6 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் வேலை முடிந்தது. கூட்டின் கழுத்தைச் சீவுவது, குண்டுகளை எடை வாரியாகப் பிரிப்பது எல்லாம் மேசையில் சாய்த்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்களின் பக்தி. அந்த நேரத்தில் வெறும் துப்பாக்கியோடு சுவரைக் குறிபார்த்து நின்று பழகுங்கள்.

பிடித்த அளவு கிடைத்ததும் ஒரே லாட் மருந்தாக எட்டுப் பவுண்டு டப்பா வாங்கிவிடுங்கள். ஒரு பவுண்டில் 7000 கிரெயின். தோட்டாவுக்கு 41 போனால் எட்டுப் பவுண்டில் 1360-க்கு மேல் வரும். கிரீட்மூர் குழலின் மேட்ச் ஆயுளில் ஏறக்குறைய பாதி. லாட் மாறும்போது மட்டும் இரண்டு படி இறங்கி வேகமானியில் மறுபடி ஏறி வாருங்கள்.

கடைசிச் சோதனையைக் காகிதத்தில் அல்ல, கிடாவிலேயே செய்ய வேண்டும். போட்டியில்லாத நாளில் அனுமதி வாங்கி, புதிதாக வண்ணம் பூசிய ஐந்து கிடாக்களை நிற்கவைத்து, படுத்தோ மூட்டையில் சாய்த்தோ வேண்டுமென்றே தாழ்வாக, வயிற்றுக் கோட்டில் ஒவ்வொன்று சுடுங்கள். வண்ணத்தில் தடம் தெரியும், எங்கே பட்டது என்ற வாதம் இருக்காது. ஐந்தும் விழுந்தால் போட்டியில் உங்களுக்குக் கடன் சொல்ல கிடா இல்லை. நான்கு விழுந்து ஒன்று நின்றால் அந்த ஒன்றின் பாதத்தைப் போய்ப் பாருங்கள். மூன்றுக்கு மேல் நின்றால் 6.5-ல் இன்னும் வேகம் தேடாமல், 147 கிரெயின் குண்டை அதே துப்பாக்கியில் 2650-ல் முயன்று பாருங்கள்.